மூன்றாம் தெருவின் இரவுப் பணி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கெல்லையில், மிசிசிப்பி ஆற்றோடு பிளாக், லா கிராஸ் என்ற இரண்டு ஆறுகள் வந்து கலக்கும் இடத்தில், லா கிராஸ் என்ற பெயரையே தாங்கிய நகரம் ஒன்று உள்ளது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 52,680. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்குக் காடுகளில் வெட்டிய பைன் மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து அறுத்த மர ஆலைகளால் செழித்த இந்நகரத்தில், அதே காலத்தில் வந்து குடியேறிய ஜெர்மானியர் பீர் ஆலைகளை நிறுவினர். 1858-இல் ஜான் குண்ட், காட்லீப் ஹைல்மன் என்ற இருவர் தொடங்கிய ஆலை பின்னாளில் நாடறிந்த பெருநிறுவனமாக வளர்ந்தது. மர ஆலைகள் மறைந்துவிட்டன, பீர் மறையவில்லை. 1961 முதல் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் இங்கு நடைபெறும் ‘அக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற ஜெர்மானியப் பாணி பீர் திருவிழா அந்த மரபின் ஒரு முகமென்றால், நகர மையத்தின் மூன்றாம் தெருவிலும் பேர்ல் தெருவிலும் பழைய செங்கல் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் அடுத்தடுத்து அமைந்துள்ள மதுக்கூடங்கள் அதன் அன்றாட முகமாகும். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிய மூன்றின் மாணவர்களும் வார இறுதி இரவுகளில் இந்தச் சில தெருக்களில்தான் கூடுகின்றனர்.

இத்தகைய சிறு நகரமொன்றின் மதுக்கூட வாழ்வை வாடிக்கையாளரின் பக்கமிருந்து எழுதியவர்கள் பலர். ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர் 1989-இல் வெளியிட்ட ‘தி கிரேட் குட் பிளேஸ்’ என்ற நூலில், வீடு முதலிடம், பணியிடம் இரண்டாமிடம் என்றால், மனிதர்கள் எந்தக் கடமையுமின்றிக் கூடிப் பேசும் தேநீர்க்கடை, முடிதிருத்தகம், மதுக்கூடம் போன்றவை ‘மூன்றாமிடம்’ என்று வகுத்தார். அந்தச் சொல் பின்னர் நகரத் திட்டமிடுவோரின் பேச்சிலும் புகுந்துவிட்டது. அழகான வகைப்பாடுதான், ஆனால் கவுண்டருக்கு அப்பால் நிற்பவருக்கு அது மூன்றாமிடமன்று, இரண்டாமிடம். வருவோர் கடமையை மறந்து அமர்வதற்கு அங்கே ஒருவர் கடமை தவறாமல் நின்றாக வேண்டும். அவருடைய பணியின் வெளிப்படையான பகுதி மதுவை ஊற்றிக் கொடுப்பது; கடினமான பகுதி, யாருக்கு எப்போது ஊற்ற மறுப்பது என்று முடிவு செய்வது. அந்த முடிவுக்குத் தேவையான திறமை கூர்ந்து பார்ப்பதே என்பதால், மதுக்கூடத்தில் பணிபுரிவதும் மதுக்கூடத்தைக் கவனிப்பதும் பெருமளவு ஒன்றாகவே ஆகிவிடுகின்றன.

தமிழ்நாட்டு வாசகருக்கு ‘பார்’ என்றதும் அரசின் சில்லறைக் கடையை ஒட்டி அமைந்த கூடமே நினைவுக்கு வரும். விஸ்கான்சினில் நிலைமை வேறு. அங்கே மதுக்கூடம் தனியாரின் தொழில், அதற்கு உரிமம் வழங்கும் அதிகாரம் நகர மன்றத்தின் கையில் இருக்கிறது. அமரவைத்துப் பரிமாறும் இடங்களுக்கு ‘கிளாஸ் பி’ என்ற வகை உரிமம் தேவை. அது ஜூலை முதல் நாள் தொடங்கி மறு ஆண்டு ஜூன் இறுதிவரை செல்லும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வடிமது பரிமாறுவதற்கான இவ்வகை உரிமங்களின் எண்ணிக்கைக்கு மாநிலச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது; அது, சில விலக்குகள் நீங்கலாக, மக்களில் 500 பேருக்கு ஒன்று என்ற கணக்கை ஒட்டியது. அந்த வரம்புக்குள் கடைசியாக எஞ்சியுள்ள ‘கையிருப்பு’ உரிமங்களில் ஒன்றைப் பெற விரும்புவோர் தொடக்கக் கட்டணமாகக் குறைந்தது 10,000 டாலர் செலுத்த வேண்டும். ஆனால் சாதாரண உரிமத்தின் ஆண்டுக் கட்டணம் 500 டாலரைத் தாண்டுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு பழைய மதுக்கூடங்களை நிலைக்கச் செய்கிறது. உரிமத்தை இழப்பதே உரிமையாளரின் பேரச்சமாகவும் ஆகிவிடுகிறது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மதுவிலக்குக்கு முன்பு நகரங்களில் இருந்த மதுக்கூடங்களில் பல பீர் ஆலைகளுக்கே சொந்தமானவை, அல்லது ஆலைகளிடம் கடன்பட்டு அவற்றின் பீரை மட்டுமே விற்றவை. இவற்றைக் ‘கட்டுண்ட கூடங்கள்’ எனலாம். அதிகமாக விற்றே ஆகவேண்டும் என்ற நெருக்கடி அவற்றின் அமைப்பிலேயே இருந்தது. உப்பு மிகுந்த உணவை மதிய வேளையில் இலவசமாகக் கொடுத்துத் தாகத்தை வளர்த்ததும் அந்நெருக்கடியின் ஓர் உத்தியே. 1920-இல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய மதுவிலக்கு, 1933 டிசம்பர் 5-ஆம் நாள் அரசியல் சட்டத்தின் 21-ஆவது திருத்தத்தால் முடிவுக்கு வந்தது. அந்தத் திருத்தத்திற்கான தீர்மானத்தை நாடாளுமன்ற மேலவையில் கொண்டுவந்த ஜான் பிளெய்ன் விஸ்கான்சினைச் சேர்ந்தவர் என்பதில் வியப்பில்லை. பழைய நெருக்கடி மீண்டும் தலைதூக்காமலிருக்க, மது செய்வோர், மொத்தமாக விற்போர், சில்லறையில் பரிமாறுவோர் ஆகிய மூவரும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்ற ‘மூன்றடுக்கு’ முறை பெரும்பாலான மாநிலங்களில் ஏற்பட்டது. ஆனால் நெருக்கடி ஒழியவில்லை, இடம் மாறியது. முன்பு ஆலை கூடத்தை நெருக்கியது. இன்று கூலி முறையே பரிமாறுபவரை நெருக்குகிறது.

விஸ்கான்சினில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், ஆனால் வாடிக்கையாளர் தரும் டிப்ஸைப் பெறும் தொழிலாளருக்கு முதலாளி 2.33 டாலர் கொடுத்தால் போதும். எஞ்சிய தொகையை டிப்ஸ் ஈடுசெய்ய வேண்டும், ஈடுசெய்யாதபோது மட்டுமே குறையை முதலாளி நிரப்ப வேண்டும் என்பது சட்டம். இதனால் மதுக்கூடப் பணியாளரின் வருவாயில் பெரும்பகுதி, எதிரே அமர்ந்திருப்பவரின் மனநிறைவிலிருந்து வருகிறது. எதிரே அமர்ந்திருப்பவரோ அடுத்த கோப்பையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மதிமயங்கிய ஒருவருக்கு மது விற்பதை மாநிலச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆகவே, ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவரும் அப்படிச் சொல்வதால் அன்றைய வருவாயை இழப்பவரும் ஒருவரே. சட்டம் இந்தப் பொறுப்பை அமைத்த விதத்தில் உள்ள அடிப்படைக் கோளாறு இதுவென்று சொல்லத் தோன்றுகிறது.

ஆற்றின் மறுகரை மின்னசோட்டா மாநிலத்திற்குரியது என்பது இந்தக் கோளாற்றை நன்றாக எடுத்துக்காட்டுகிறது. பாலத்தைக் கடந்து சில நிமிடங்கள் காரோட்டினால் லா கிரெசெண்ட் என்ற சிற்றூர் வரும். அங்கே டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கச் சட்டம் இடம் தருவதில்லை, பரிமாறுபவருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. மேலும், வெளிப்படையாக மயங்கிய நிலையில் இருந்தவருக்கு மது விற்று, அவரால் மூன்றாம் நபர் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், பாதிக்கப்பட்டவர் அந்த மதுக்கூடத்தின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடரலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ள இவ்வகைச் சட்டங்களுக்கு ‘டிராம் ஷாப்’ சட்டங்கள் என்று பெயர். விஸ்கான்சினிலோ, சட்ட வயதை அடையாதவருக்கு விற்றது போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, மது விற்றவருக்கு உரிமையியல் வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு உண்டு. தடை இருக்கிறது, ஆனால் அந்தத் தடையை மீறுவோரிடம் பணத்தில் கணக்குக் கேட்பவர் இல்லை. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டி முதன்முறை பிடிபடுவதைக் குற்றவியல் குற்றமாகக் கருதாமல் அபராதத்தோடு விடும் ஒரே மாநிலமும் விஸ்கான்சின்தான். இந்தப் பின்னணியில், மறுகரையில் காப்பீட்டு நிறுவனமும் வழக்கறிஞரும் பங்கிட்டுக்கொள்ளும் கவலையை இக்கரையில் பெரும்பாலும் பரிமாறுபவரின் மனசாட்சி மட்டுமே சுமக்கிறது.

பரிமாறுபவர் பணிக்குச் சேர்வது எளிது. 18 வயது நிரம்பியவர், பொறுப்புடன் மது பரிமாறுவது பற்றிய சிறு பயிற்சியை முடித்து, நகராட்சியிடமிருந்து ‘ஆபரேட்டர்’ உரிமம் பெறலாம். கூடம் திறந்திருக்கும் நேரமெல்லாம் உரிமையாளரோ அத்தகைய உரிமம் பெற்ற ஒருவரோ அங்கே இருந்தாக வேண்டும். அதாவது, மது வாங்கிக் குடிக்கச் சட்டம் 21 வயது கேட்கிறது. அதை ஊற்றிக் கொடுக்கவும் பிறர் எவ்வளவு குடிக்கலாம் என்று தீர்மானிக்கவும் 18 போதும் என்கிறது. கல்லூரி நகரங்களில் பரிமாறுவோரில் பலர் மாணவர்களே என்பதால், சக வகுப்பினரின் குடியைக் கண்காணிக்கும் பொறுப்பு அவர்களிடம் வந்து சேர்கிறது.

தொழிலின் கருவிகளும் கணக்குகளும் பார்வைக்கு எளியவை. பெயர் குறிப்பிடாமல் ‘ஒரு விஸ்கி’ என்று மட்டும் கேட்பவருக்கு ஊற்றப்படும் மலிவான புட்டிகள், பரிமாறுபவரின் இடுப்பளவில் பொருத்திய நீண்ட உலோகத் தட்டில், கையெட்டும் தூரத்தில் வரிசையாக நிற்கும். விஸ்கான்சினில் அந்தத் தட்டை ‘ரெயில்’ என்றும், அதிலுள்ளவற்றை ‘ரெயில் மது’ என்றும் சொல்வார்கள். விலை உயர்ந்தவை பின்சுவரின் மேல்தட்டில் வெளிச்சத்தோடு இருக்கும். ஒரு ‘ஷாட்’ என்பது ஒன்றரை அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 44 மில்லிலிட்டர். பழகிய கை அளவுக்கிண்ணத்தைத் தொடாமல், புட்டியின் வாயில் செருகிய குழாயிலிருந்து விழும் மதுவை மனத்துக்குள் எண்ணியே அளந்துவிடும். 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் 17 ஷாட்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் தாராளமாக விழுந்தால் 14-ஐக்கூட எட்டாது. தாராளமாக ஊற்றும் கைக்கு டிப்ஸ் கூடும், முதலாளியின் கையிருப்புக் கணக்கு குறையும். வாடிக்கையாளரின் தயவுக்கும் முதலாளியின் கணக்குக்கும் இடையில் அந்த 10 மில்லிலிட்டர் இரவெல்லாம் ஊசலாடும். பனிக்கட்டி நிரப்புவது, பீர் பீப்பாய் மாற்றுவது, கண்ணாடிக் கோப்பைகளைச் சேகரித்துக் கழுவுவது ஆகியவற்றைப் ‘பார்பேக்’ எனப்படும் உதவியாள் கவனித்துக்கொள்வார். அவருடைய வேகம் குறைந்தால் முழுக் கூடமும் தடுமாறும்.

கணக்கில் மிகக் கடினமானது காலம். அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் ஒரு ‘நிலையான அளவு’ மது என்று குறிப்பிடுவது 14 கிராம் தூய சாராயத்தை. அது 5 விழுக்காடு வலிமையுள்ள 355 மில்லிலிட்டர் பீரிலும், 40 விழுக்காடு வலிமையுள்ள ஒரு ஷாட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளது. சராசரி உடல் ஒரு மணி நேரத்தில் இத்தகைய ஒரே ஓர் அளவையே எரித்து முடிக்கும். ஆனால் குடித்தது இரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகலாம் என்பதால், பரிமாறுபவர் தம் எதிரே காண்பது இப்போது குடித்ததன் விளைவையன்று, சற்று முன்பு குடித்ததன் விளைவை. பத்து நிமிடத்தில் மூன்று ஷாட்களை விழுங்கிய 21-ஆம் பிறந்தநாள் இளைஞர் அப்போதைக்குத் தெளிவாகவே பேசுவார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் கால்கள் குழையும். இதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கணக்கில் குடித்துப் பழகியவர் இரத்தத்தில் வரம்பைத் தாண்டிய அளவை வைத்துக்கொண்டு தெளிந்தவர்போல் அமர்ந்திருப்பார். எனவே அனுபவமுள்ள பரிமாறுபவர் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை மணிக்கு வந்தார், எந்தக் கூடத்திலிருந்து வந்தார், சாப்பிட்டாரா, கோப்பை காலியாகும் வேகம் கூடுகிறதா, சில்லறையை எண்ணும் விரல்கள் தயங்குகின்றனவா, குரல் தேவையின்றி உயர்கிறதா என்ற சிறு குறிப்புகளையெல்லாம் பத்துப் பேரிடம் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

மறுக்கும் முறையிலும் ஒரு நாகரிகம் உருவாகியிருக்கிறது. எல்லோர் முன்பும் ‘உனக்கு இனி இல்லை’ என்பது சண்டைக்கு அழைப்பு விடுப்பதற்குச் சமம். ஆகவே, கேளாததுபோல் சற்று நேரம் தாமதிப்பது, கேட்காமலே ஒரு கோப்பைத் தண்ணீரும் வறுவலும் கொண்டுவந்து வைப்பது, கூட வந்த தெளிந்த நண்பரைத் தனியாக அழைத்துச் சொல்வது ஆகியவை முதலில் வரும். பெருநகரில் மறுக்கப்பட்டவர் தெரு தாண்டியதும் மறைந்துவிடுவார். லா கிராஸ் போன்ற ஊரில் அவரே மறுநாள் காலை மளிகைக்கடையில் எதிரே நிற்பார், அல்லது வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமர்வார். சில வேளை வாகனம் பழுதுபார்க்கும் கடைக்காரரும் அவராகவே இருப்பார். அறிமுகம் மறுப்பை மென்மையாக்குகிறது, அதே அறிமுகமே மறுப்பைத் தள்ளிப்போடவும் வைக்கிறது. தன் உண்மை உணர்வை அடக்கி, தொழிலுக்குத் தேவையான உணர்வை முகத்தில் காட்டுவதையே ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயரிட்டு ஆராய்ந்தார். அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டவர்கள் விமானப் பணிப்பெண்களாயினும், அந்தக் கருத்துக்கு மதுக்கூடத்தைவிடப் பொருத்தமான இடம் அதிகமில்லை.

கவுண்டருக்குப் பின்னால் கிடைக்கும் இந்த அறிவை ஆய்வாளர்கள் தேடி வந்ததும் உண்டு. ஷெரி கேவன் 1966-இல் வெளியிட்ட, சான்பிரான்சிஸ்கோ மதுக்கூடங்களைப் பற்றிய ஆய்வில், அங்கே அமரும் எவரும் அறிமுகமற்றவரின் பேச்சுக்குத் தம்மைத் திறந்து வைத்தவராகவே கருதப்படுகிறார் என்பதைக் காட்டினார். பேருந்திலோ நூலகத்திலோ அத்துமீறலாகத் தோன்றும் ஒரு கேள்வி கவுண்டர் நாற்காலியில் இயல்பாகிவிடுகிறது. வழியில் நின்று குடித்துப்போகும் கூடம், கேளிக்கை நிகழ்ச்சிக்கான கூடம், துணை தேடுவோரின் சந்தையான கூடம், ஒரு குழுவினர் தம் சொந்த வீடாகக் கொண்டாடும் கூடம் என்று அவர் பிரித்த நால்வகையும் ஒரு சிறு நகரத்தில் ஒரே தெருவில் மட்டுமன்றி ஒரே கூடத்திலும் காணக்கூடியவை. மாலை ஐந்து மணிக்கு ஓய்வுபெற்றோர் பகடை உருட்டி, தோற்றவர் செலவில் குடிக்கும் அந்தக் கூடம், வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் குடும்பத்தோடு வந்து வறுத்த மீனும் பிராந்தி கலந்த ‘ஓல்ட் ஃபேஷன்ட்’ பானமும் கேட்போரால் நிரம்பி, பதினொரு மணிக்குமேல் மாணவர் நெரிசலாக மாறிவிடும். பெற்றோரோடு வரும் சிறுவருக்கு, பெற்றோர் முன்னிலையில் மது பரிமாற விஸ்கான்சின் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்; பிற நாட்டினரை மட்டுமன்றிப் பிற மாநில அமெரிக்கரையும் இது திகைக்க வைக்கும்.

பணியையும் ஆய்வையும் ஒருங்கே செய்த நூல், ஜேம்ஸ் ஸ்ப்ராட்லி, பிரெண்டா மான் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட ‘தி காக்டெயில் வெயிட்ரஸ்’. மான் ஒரு நடுமேற்கு நகரின் கல்லூரி மாணவர் கூடமொன்றில் பரிமாறும் பெண்ணாக வேலைசெய்துகொண்டே குறிப்பெடுத்தார். நூலில் அக்கூடம் ‘பிரேடிஸ்’ என்ற புனைபெயரில் வருகிறது. கவுண்டருக்குப் பின்னால் ஆண்கள், மேசைகளுக்கிடையே பெண்கள் என்ற பிரிவினை வெறும் வேலைப் பங்கீடன்று, அதிகாரத்தின் வரைபடம் என்பதும், மது கேட்பது என்ற எளிய செயலே ஆண்கள் தம் ஆண்மையை அரங்கேற்றும் பேச்சாக விரிகிறது என்பதும் அதன் முக்கியமான கண்டறிதல்கள். வாடிக்கையாளரை ‘வழக்கமாக வருவோர்’, ‘தெருவிலிருந்து வந்தோர்’ என்று பணிப்பெண்கள் தமக்குள் வகைப்படுத்தி வைத்திருந்ததையும், யாரிடம் எவ்வளவு கேலி பொறுப்பது என்பதை அந்த வகைப்பாடே தீர்மானித்ததையும் அது பதிவு செய்தது. இந்த வரைபடத்திற்குச் சட்டமே ஒரு காலத்தில் துணைநின்றது. 50,000-க்கும் மேற்பட்ட மக்கள்தொகையுள்ள நகரங்களில், ஆண் உரிமையாளரின் மனைவியோ மகளோ அல்லாத பெண் எவரும் மது ஊற்றும் பணி செய்யக்கூடாது என்ற மிச்சிகன் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் ‘கோசார்ட் எதிர் கிளியரி’ வழக்கில் செல்லும் என்றது. 1976-இல் ‘கிரெய்க் எதிர் போரன்’ வழக்கில்தான் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. இன்று மூன்றாம் தெருவிலும் பிற ஊர்களிலும் கவுண்டருக்குப் பின்னால் பெண்கள் நிற்பது இயல்பாகிவிட்டது. டிப்ஸை நம்பியிருப்பவர் அத்துமீறும் வாடிக்கையாளரைக் கடிந்துகொள்ளத் தயங்குவது மட்டும் மாறவில்லை.

குடித்தவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்ற கேள்விக்கு, ‘சாராயம் மூளையின் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது’ என்பதே வழக்கமான விடை. கிரெய்க் மெக்ஆண்ட்ரூ, ராபர்ட் எட்ஜர்டன் ஆகிய இருவரும் 1969-இல் வெளியிட்ட நூலில் பல சமூகங்களின் குடிப் பழக்கங்களை ஒப்பிட்டு இந்த விடையை அசைத்தனர். தள்ளாடுவதும் நா குழறுவதும் உடலின் வேலை, ஆனால் சண்டையிடுவதும் அழுவதும் அத்துமீறுவதும் அந்தந்தச் சமூகம் குடித்தவருக்கு என்ன சலுகை தருகிறது என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்பதே அவர்கள் வாதம். குடி என்பது வழக்கமான விதிகளிலிருந்து தற்காலிக விடுப்பு. அந்த விடுப்புக்கும் எல்லைகள் உண்டு. மதுக்கூடத்தில் பணிபுரிவோருக்கு இது புதிய செய்தியன்று. தன்னிலை மறந்தவர்போல் மேசையைத் தட்டிக் கத்தும் இளைஞர், வாசலில் நிற்கும் காவலர் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துவதை அவர்கள் அன்றாடம் காண்கின்றனர்.

அந்த வாசற்காவலரின் பணி தனிக் கவனத்துக்குரியது. ‘பவுன்சர்’ என்ற பெயர் முரடனை நினைவூட்டினாலும், அவருடைய நேரத்தில் பெரும்பகுதி அடையாள அட்டைகளைப் பார்ப்பதில் கழிகிறது. 1984-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், குடிக்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலங்களுக்குச் சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் என்று எச்சரித்ததால், முன்பு 18 வயதினரை அனுமதித்திருந்த விஸ்கான்சின் 1984-இல் 19-க்கும் 1986-இல் 21-க்கும் மாறியது. அதன்பின் கல்லூரி நகர மதுக்கூடங்களின் இயல்பான வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சட்டப்படி வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவர்களாயினர், போலி அடையாள அட்டைக்கும் ஒரு சந்தை உருவானது. 21 வயது நிரம்பாதோரின் ஓட்டுநர் உரிமத்தை நெட்டுவாக்கில் அச்சிடுவது அதற்கு மாநிலம் கண்ட மாற்று.

வாசலில் சோதிக்கப்படுவது வயது மட்டுமன்று. ரூபன் மே என்ற சமூகவியலாளர் ஜார்ஜியா மாநிலத்தின் சிறு நகரமொன்றின் மையத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ‘அர்பன் நைட்லைஃப்’ என்ற நூலில், வெள்ளையரும் கறுப்பரும் வெவ்வேறு வகுப்பினரும் ஒரே நடைபாதையில் தோளுரச நடந்தபோதும், தத்தம் கூட்டத்தை விட்டுக் கலவாமல் வெவ்வேறு கூடங்களுக்குள் பிரிந்து செல்வதை ‘ஒருங்கிணைந்த பிரிவினை’ என்று குறிப்பிட்டார். தொளதொளத்த கால்சட்டைக்கும் சில வகைத் தொப்பிக்கும் காலணிக்கும் தடைவிதிக்கும் உடை விதிகள் வாசலில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் இனத்தின் பெயர் இராது, ஆனால் அவை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதும் யாரிடம் கண்டிப்பாக அமலாகின்றன என்பதும் வாசலில் நிற்போருக்குத் தெரியும். நகர மையம் எல்லோரும் கூடும் பொதுவெளி என்று புகழ்வோர் படிக்க வேண்டிய நூல் இது.

விஸ்கான்சினில் மதுக்கூடங்கள் வார நாள்களில் அதிகாலை 2 மணிக்கும், சனி, ஞாயிறு அதிகாலைகளில் 2.30 மணிக்கும் மூடப்பட வேண்டும். புத்தாண்டு அதிகாலையில் மட்டும் இந்த வரம்பு இல்லை. மூடும் நேரத்துக்குப் பின் பணியாளர் தவிர ஒருவரும் உள்ளே இருக்கக்கூடாது என்பதால், பல கூடங்களில் சுவர்க் கடிகாரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக ஓடவிட்டிருப்பார்கள். அதற்குப் ‘பார் நேரம்’ என்று பெயர். கடைசிக் கோப்பைக்கான அறிவிப்பு வந்ததும் பலர் இரண்டு மூன்று கோப்பைகளாகக் கேட்பதும், அவற்றை அவசரமாக விழுங்கிவிட்டு எல்லாக் கூடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவதும், மது தன் உச்சத்தை எட்டும்போது அவர்கள் பரிமாறுபவரின் பார்வைக்கு வெளியே இருப்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். மாநில மதுக்கூட உரிமையாளர் சங்கம் நடத்தும் ‘சேஃப் ரைட்’ திட்டம் குடித்தவரை இலவசமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. அதற்கான நிதியில் ஒரு பகுதி, மது அருந்தி வாகனம் ஓட்டிப் பிடிபட்டோர் செலுத்தும் கூடுதல் கட்டணத்திலிருந்து வருகிறது.

லா கிராஸில் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஆறு. மூன்றாம் தெருவிலிருந்து சில நிமிட நடையில் ரிவர்சைட் பூங்கா, பூங்காவின் விளிம்பில் மிசிசிப்பி. 1997-இலிருந்து 2006 வரையான காலத்தில் கல்லூரி வயதுடைய எட்டு இளைஞர்கள் இந்நகரின் ஆறுகளில் மூழ்கி இறந்தனர். அதிகமாகக் குடித்த நிலையில் தனியாக நடந்துபோய்த் தவறி விழுந்ததே காரணம் என்று காவல்துறை கூறியது. ஊர் அதை எளிதில் ஏற்கவில்லை. தொடர் கொலைகாரன் ஒருவன் திரிகிறான் என்ற வதந்தி பரவியது, 2008-இல் ஓய்வுபெற்ற நியூயார்க் துப்பறிவாளர் இருவர் நாட்டின் பல நகரங்களில் நடந்த இத்தகைய மரணங்களை ஒரே கொலைக் கும்பலோடு இணைத்துப் பேசியதும் அது வலுப்பெற்றது. கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அதற்கு ஆதாரமில்லை என்று அறிவித்தது. கொலைகாரனை நம்புவது ஊருக்கு ஏன் எளிதாயிற்று என்பதை ஊகிக்கலாம். கொலைகாரன் இருந்தால் மதுக்கூடமும் பரிமாறியவரும் கூட வந்து பாதியில் பிரிந்த நண்பர்களும் கேள்விக்கு ஆளாவதில்லை.

2006-இல், எட்டாவது மரணத்துக்குப் பின், மாணவர்களே ‘ஆபரேஷன் ரிவர் வாட்ச்’ என்ற தன்னார்வக் காவலைத் தொடங்கினர். வார இறுதி இரவுகளில் சிறு குழுக்களாகப் பூங்காவில் சுற்றிவந்து, கரையை நோக்கித் தள்ளாடி வருவோரைப் பேச்சுக் கொடுத்துத் திருப்பி அனுப்புவதே அவர்கள் பணி. எவரையும் பிடித்துவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, பேச்சுக்கு இணங்காதவரைப் பற்றிக் காவல்துறைக்குத் தகவல் தரலாம், அவ்வளவே. உரிமம் வழங்கும் நகர மன்றம், கூலியை நிர்ணயிக்கும் மாநிலம், இலாபம் காணும் உரிமையாளர், மணிக்கு 2.33 டாலருக்கு நிற்கும் பரிமாறுபவர் என்று கைமாறி வந்த ‘போதும்’ என்ற சொல், இறுதியில் ஊதியமேதும் பெறாத பத்தொன்பது, இருபது வயது மாணவரிடம் வந்து சேர்கிறது. அவர்களில் பலர் மதுக்கூடத்தின் வாசலைச் சட்டப்படி இன்னும் தாண்ட முடியாதவர்கள்.